பச்சை லைட் எரிகிறது, பற்றரி நிறையவில்லை: நாற்பது மீற்றர் வயருக்குள் நடப்பது

வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கும் அவருடைய காவல் வாடியில் 12 வோல்ட், 70 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று இருக்கிறது. யானை வேலியின் மின்பெட்டி, இரண்டு எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜ் எல்லாம் அதிலிருந்துதான். வாடியைச் சுற்றி மரநிழல் என்பதால் 120 வாட் சோலார் பெனலை 40 மீற்றர் தள்ளி வெளியான இடத்தில் ஒரு கம்பத்தில் ஏற்றியிருக்கிறார். சார்ஜ் கொன்ட்ரோலரும் அதே கம்பத்தில், பெனலுக்குக் கீழே. அங்கிருந்து வாடி வரைக்கும் வீட்டு பல்புகளுக்கு இழுக்கும் 1/1.13 வயர். காலை பத்து மணிக்கே கொன்ட்ரோலரில் பச்சை லைட் வந்துவிடுகிறது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் வேலி அடங்கிவிடுகிறது. பெனல் போதாது, இன்னொன்று போடு என்கிறார் ஒருவர். கொன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பெனலை நேரே கொடு, வோல்ட் கூடினால் சார்ஜும் கூடும் என்கிறார் இன்னொருவர். பற்றரி முடிந்துவிட்டது, லித்தியம் வாங்கு என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

தம்பி, இப்போதைக்கு மூன்றுக்கும் காசு இறக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு அளவுகளிலேயே விடை இருக்கிறது. வெயில் நேரத்தில் கொன்ட்ரோலரின் பற்றரி முனையில் 14.4 வோல்ட். அதே நேரத்தில் பற்றரியின் ஈயக் கொம்பில் 12.9 வோல்ட். ஒரே வயரின் இரண்டு முனைகள்தான், ஆனாலும் ஒன்றரை வோல்ட் வித்தியாசம். அந்த ஒன்றரை வோல்ட் வயருக்குள் தங்கிவிட்டது.

முதலில் பற்றரி எப்படிச் சார்ஜ் ஏற்கிறது என்பதைப் பார்ப்போம். நவகிரிக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் மட்டம் எவ்வளவு உயரம் என்பது மட்டும் கணக்கில்லை. குளத்து மட்டத்துக்கும் வயலுக்குள் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. வாய்க்கால் ஒடுக்கமாக இருந்தால், புல் மண்டியிருந்தால், அதே வித்தியாசத்துக்குக் குறைவாகத்தான் ஓடும். வயல் நிறைய நிறைய ஓட்டம் தானாக மெலியும்.

பற்றரியும் அப்படித்தான். அது வெறும் பானை இல்லை. அதற்கென்று ஒரு வோல்ட் உண்டு, அது வருகிற மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். ஆகவே சார்ஜ் ஆகும் அம்பியரைக் கணக்கிட, கொடுக்கும் வோல்ட்டிலிருந்து பற்றரியின் வோல்ட்டைக் கழித்து, மிச்சத்தை வழியிலுள்ள மொத்தத் தடையால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதிதான். பலர் விடும் பிழை என்னவென்றால், 14.4 ஐ அப்படியே தடையால் வகுப்பது. தள்ளுவது 14.4 இல்லை, மிஞ்சி நிற்கும் ஒன்றரைதான்.

சரி, உங்கள் வயரின் தடை எவ்வளவு? 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி. வெட்டுமுகப் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றர். அந்தத் தடிப்புள்ள செப்புக் கம்பிக்கு ஒரு மீற்றருக்கு 0.0172 ஓம். தூரம் 40 மீற்றர்தான், ஆனால் மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே 80 மீற்றராகக் கணக்கிடுங்கள். 80 ஐ 0.0172 ஆல் பெருக்கினால் 1.4 ஓம் அளவில் வரும். வெயிலில் கிடந்து சூடேறினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒன்றரை வோல்ட்டை 1.4 ஓமால் வகுத்தால் 1.1 அம்பியர். ஆறு அம்பியருக்கு மேல் தரக்கூடிய பெனலிலிருந்து உங்கள் பற்றரிக்கு வந்து சேர்வது வெறும் 1.1 அம்பியர்!

இங்கேதான் பச்சை லைட்டின் விஷயம் வருகிறது. கொன்ட்ரோலருக்குப் பற்றரியின் வயிறு தெரியாது. தன்னுடைய முனையில் நிற்கும் வோல்ட்டை மட்டும்தான் அது பார்க்கிறது. அங்கே 14.4 வந்ததும் பற்றரி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தை நெரிக்கத் தொடங்கிவிடும். உங்களிடம் அந்த 14.4 ஐ உண்டாக்குவது பற்றரி மட்டுமில்லை, வயரும் சேர்ந்துதான். பெனல் ஆறு அம்பியரைத் தள்ளப் பார்க்கும்போது வயருக்குள் மட்டும் எட்டு வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். அதற்கு முன்னமே கொன்ட்ரோலர் கையைக் கட்டிவிடும். நாள் முழுக்க வெயில் எரித்தாலும் பத்து அம்பியர்-மணிக்கு மேல் போய்ச் சேராது. வேலிப்பெட்டியும் பல்புகளும் போனும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பதினைந்து அம்பியர்-மணி அளவில் குடிக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு நாளும் ஐந்து கடன். ராத்திரி ஒரு மணிக்கு வேலி அடங்காமல் என்ன செய்யும்?

இப்போது அந்த மூவரின் யோசனைகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பெனல் போட்டால் ஒரு துளி கூடாது. கொன்ட்ரோலரின் முனையில் 14.4 தான் எல்லை, வயர் அதே வயர், ஆகவே 1.1 அம்பியர் அதே 1.1 தான். குளத்தில் தண்ணீர் கூடினாலும் மதகு அதே அளவில்தான் திறந்திருக்கும் கதை.

லித்தியம் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். வாடிகளுக்கும் வீடுகளுக்கும் இப்போது வருகிற லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி, சார்ஜின் பெரும்பகுதி நேரம் 13.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 14.4 இலிருந்து அதைக் கழித்தால் 1.1 வோல்ட், வயரால் வகுத்தால் 0.8 அம்பியர். நல்ல பற்றரிதான், ஆயுளும் கூட, எதிர்காலத்தில் வாங்குங்கள். ஆனால் இந்த வயரில் மாட்டினால் இரண்டு கிழமையில் “லித்தியமும் சரியில்லை” என்றுதான் சொல்வீர்கள்.

கொன்ட்ரோலரைக் கழற்றுவதுதான் எனக்குப் பயமான யோசனை, ஏனென்றால் அது வேலை செய்யும். வேலை செய்வதைப் பார்த்ததும் மனிதர்கள் நம்பிவிடுவார்கள். நேரே கொடுத்தால் மூன்று அம்பியருக்கு மேல் போகும், முதல் சில நாள் வேலி விடிய விடிய அடிக்கும். அப்புறம் ஒரு நாள் பற்றரி நிறைந்துவிடும், ஆனால் பெனல் நிறுத்தாது. வோல்ட் 15 ஐத் தாண்டி ஏறும். ஒரு கலத்துக்கு 2.4 வோல்ட்டை நெருங்கும்போதே தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தொடங்குகிறது. ஆறு கலத்துக்கும் சேர்த்து அதுதான் அந்த 14.4. அதற்கு மேல் போகப் போகப் பற்றரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், தட்டுகள் காய்ந்து உதிரும். கிடுகு வேய்ந்த வாடிக்குள் ஐதரசன் கூடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அந்த வாடிக்குள் ராத்திரியில் காவலுக்குப் படுப்பது நீங்கள்தான் தம்பி.

பெரிதாகக் காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கொன்ட்ரோலரைக் கம்பத்திலிருந்து கழற்றி வாடிக்குள், பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் பூட்டுங்கள். அந்த ஒரு மீற்றருக்கு மட்டும் தடித்த வயர் போடுங்கள். பழைய நீள வயர் இப்போது பெனலுக்கும் கொன்ட்ரோலருக்கும் நடுவில் வந்துவிடும். அதே வயர், அதே 1.4 ஓம், ஆனால் கதை மாறிவிடும். பெனலால் 17, 18 வோல்ட் வரைக்கும் ஏற முடியும், பற்றரியோ 12.9 இல் நிற்கிறது. நடுவில் ஐந்து வோல்ட் வரைக்கும் தள்ளுவதற்கு இருக்கிறது, முன்பு இருந்தது ஒன்றரைதான். அம்பியர் மூன்றைத் தாண்டும். கொன்ட்ரோலரும் இனிப் பற்றரியின் உண்மையான வோல்ட்டைப் பார்க்கும், பச்சை லைட் வந்தால் நம்பலாம். கழற்றும்போது பெனல் வயரை முதலில் கழற்றி, பூட்டும்போது பற்றரி வயரை முதலில் பூட்டுங்கள். சாதாரணக் கொன்ட்ரோலர்கள் பற்றரி இல்லாமல் பெனலின் முழு வோல்ட்டைத் தாங்கப் பழகியவை அல்ல.

அடுத்ததாகக் கையில் காசு வரும்போது வயரை மாற்றுங்கள். 7/0.67 வயர் போட்டால், அது இரண்டரைச் சதுர மில்லிமீற்றர், 80 மீற்றருக்குத் தடை 0.55 ஓமாக இறங்கும். ஐந்தரை அம்பியர் அளவில் வரும். 7/1.04 போட்டால் 0.23 ஓம், பெனலில் உள்ளது முழுவதும் வந்துவிடும். ஆனால் செம்பு விற்கும் விலைக்கு அந்த மிச்ச அரை, முக்கால் அம்பியருக்காக 7/1.04 வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 7/0.67 போதும். மிச்சக் காசுக்கு நல்ல பியூசும், பற்றரிக்கு விடும் வடிநீரும் (காய்ச்சி வடித்த தண்ணீர்) வாங்கலாம்.

வயரை மாற்றிய பிறகு ஒன்றைக் கண்டு பயந்துவிடாதீர்கள். பெனலின் முனையில் இதுவரை பதினெட்டு காட்டிய மீற்றர் பதினாறு, பதினைந்து என்று இறங்கும். “பெனல் பழுதாகிவிட்டதா?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஓட்டம் இல்லாத பெனலில்தான் வோல்ட் உயர்ந்து நிற்கும், வக்கடையை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் எட்டி நிற்பதுபோல. திறந்துவிட்டால் மட்டம் இறங்கும், தண்ணீர் வயலுக்குப் போகும். வோல்ட்டை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான். எங்கள் மத்தியான வெயிலும் ஒரு காரணம். பெனலின் பின்பக்கச் சிட்டையில் எழுதியிருக்கும் 18 வோல்ட் 25 பாகை செல்சியசுக்கானது. நம்மூர் வெயிலில் கலங்கள் 60 பாகை வரைக்கும் சூடாகும், அப்போது அந்தப் பதினெட்டு பதினைந்தரை அளவுக்கு வந்துவிடும். கூரையோடு ஒட்டாமல் கீழே காற்றுப் போகும்படி கம்பத்தில் ஏற்றியிருக்கிறீர்கள், அது நல்ல வேலை.

வோல்ட்டைக் கூட்டச் சொன்னவரிடம் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்ட வேண்டியது பற்றரியில் இல்லை, வழியில். இங்கினியாகலை நீர்மின் நிலையத்திலிருந்தோ மலைநாட்டு நிலையங்களிலிருந்தோ மின்சாரத்தை 230 வோல்ட்டில் அனுப்புவதில்லை. தூரம் கூடிய பாதைகளில் 132,000, 220,000 வோல்ட்டில் அனுப்புகிறார்கள். வோல்ட் இரட்டித்தால் அதே சக்திக்கு அம்பியர் பாதி, வயரில் சூடாக வீணாவது காற்பங்கு. இதையே வட்டைக்குள்ளும் செய்யலாம். இரண்டு பெனலைத் தொடராகப் போட்டு, எம்.பி.பி.டி. வகைக் கொன்ட்ரோலரை வாடிக்குள் வைத்தால், வயரில் 36 வோல்ட் வரும். அதைக் கொன்ட்ரோலர் பற்றரிக்கு ஏற்ற வோல்ட்டாகக் குறைத்து, அம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். தூரம் நூறு மீற்றர் என்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். நாற்பதுக்குத் தேவையில்லை. உங்களிடம் இருக்கும் மலிவு வகையால் இப்படி மாற்ற முடியாது, மேலதிக வோல்ட்டை அது அப்படியே இழந்துவிடும். ஆகவே அதில் இரண்டு பெனலைத் தொடராகக் கொடுக்க வேண்டாம்.

தடை என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நான் அம்பிளாந்துறையில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. ரேடியோவுக்கும் ஒரு சின்னப் பல்புக்கும் கார் பற்றரிதான். அது இறங்கினால் சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து குருக்கள்மடத்துக்கு வந்து, கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு கடையில் சார்ஜுக்குக் கொடுப்போம். அந்த ஐயாவிடம் இன்றைக்கு இருப்பதுபோன்ற கொன்ட்ரோலர் ஒன்றும் இல்லை. இருபது வோல்ட் அளவில் தரும் ஒரு ட்ரான்ஸ்போமர், டயோட்டு, பற்றரியோடு தொடராக ஒரு கார் ஹெட்லைட் பல்பு. அவ்வளவுதான். பற்றரி இறங்கியிருக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும். சாயங்காலமாகப் பல்பு மங்கி மங்கி ஒரு செந்நிறமாக வந்துவிடும். “பல்பு தூங்கிட்டெண்டா பற்றரி முழிச்சிட்டுது மனே” என்பார். பற்றரியின் வோல்ட் ஏற ஏற வித்தியாசம் சுருங்கி ஓட்டம் மெலிகிறது என்ற முழுப் பாடத்தையும் அந்தப் பல்பில்தான் நான் முதலில் படித்தேன். அந்தத் தடை இல்லாமல் நேரே கொடுத்திருந்தால் இறங்கிய பற்றரி தாங்க முடியாத அளவுக்கு அம்பியரை இழுத்துச் சூடாகியிருக்கும். ஒரு நல்ல பற்றரியின் அகத்தடை ஓமின் ஆயிரத்தில் சில பங்குதான். தன்னைத் தானே கட்டுப்படுத்த அதற்குத் தெரியாது.

ஈய அமிலப் பற்றரிக்குப் பத்திலொரு பங்கு என்பது நான் எப்போதும் சொல்லும் அளவு. 70 அம்பியர்-மணிக்கு 7 அம்பியர். உங்கள் பெனல் முழுவதும் வந்தாலும் அதைத் தாண்டாது, ஆகவே கவலை வேண்டாம். எண்பது வீதம் வரைக்கும் சீக்கிரம் ஏறும், மிச்ச இருபதுக்குப் பல மணி நேரம் இழுக்கும். பல்பு மங்கும் அதே காரணம். அந்தக் கடைசி இருபதை நாளுக்கு நாள் விட்டுவிட்டால்தான் தட்டில் ஈய சல்பேற்று இறுகிப் படிகமாகிறது. இறுகியது இலகுவில் கரையாது, அகத்தடை கூடும், கொள்ளளவு சுருங்கும். உங்கள் பற்றரி எத்தனை மாதமாக இந்தக் கடனில் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அது நடந்திருக்கும்.

ஆகவே மூன்றாமவர் சொன்னது முழுக்கப் பிழை என்றும் தள்ளிவிட முடியாது. சோதிக்கும் வழி இது. கொன்ட்ரோலரை இடம் மாற்றியதும் மீற்றர் கம்பியைப் பற்றரியின் ஈயக் கொம்பிலேயே வைத்துப் பாருங்கள், கிளிப்பில் இல்லை. கொம்பில் வோல்ட் மெதுவாக மணிக்கணக்கில் ஏறினால் பற்றரி நன்றாக வாங்குகிறது. அரை மணிக்குள் 14.4 க்குப் பாய்ந்து, பல்பைப் போட்டதும் 12 க்குக் கீழே விழுந்தால், தடை பற்றரிக்குள்ளே வந்துவிட்டது. அப்படி இருந்தாலும் உடனே எறியாமல், ஒரு கடையில் கொடுத்து இரண்டு அம்பியரில் இரண்டு நாள் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். புதிதாக இறுகியது என்றால் ஓரளவு மீளும். நிறைந்த பிறகு ஒரு ராத்திரி ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 க்கு மேல் நிற்க வேண்டும். மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால் ஆறு கலத்திலும் அமிலத்தின் அடர்த்தி 1.265 ஐ ஒட்டி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கலம் மட்டும் தனியே விழுந்து கிடந்தால் அது முடிந்தது. தண்ணீர் குறைந்தால் வடிநீர் மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது.

கொம்பையும் கிளிப்பையும் பற்றி ஒரு வார்த்தை. இது கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். கல்குடா, பாசிக்குடா, பொத்துவில் பக்கத்துப் படகுப் பற்றரிகளில் கொம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். அந்தப் பூ ஓமின் பத்திலொரு பங்கு தடையைக் கொடுத்தாலே, ஆறு அம்பியரில் 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். நாற்பது மீற்றர் வயர் இல்லாமலே உங்களுடைய அதே நோய் வந்துவிடும். சுடுதண்ணீரும் அப்பச் சோடாவும் போட்டுக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். சோடாத் தண்ணீர் கலத்துக்குள் போகாமல் மூடிகளை முதலில் இறுக்கிக்கொள்ள வேண்டும். போன் சார்ஜ் வயர் விஷயமும் இதுதான். மெல்லிய மலிவு வயரில் இரண்டு அம்பியர் போகும்போது அரை வோல்ட் போய்விட்டால், ஐந்தில் பத்திலொரு பங்கு போச்சு, போன் தானாக அம்பியரைக் குறைத்துவிடும்.

வாடி என்பதால் பியூஸ் கட்டாயம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 அம்பியர் பியூஸ் ஒன்று. வயர் எங்காவது எலி கடித்து ஒட்டிக்கொண்டால், அந்தச் சின்ன அகத்தடை நூற்றுக்கணக்கான அம்பியரைக் கக்கும், கிடுகு பற்ற ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட என்னால் முடியாது. வேலி அடங்கிப்போகிற ராத்திரிகளில் வீட்டுக் கரண்டை வேலிக் கம்பிக்கு நேரே கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே வேண்டாம். வேலிப்பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அடித்தாலும், விநாடிக்கு ஒருமுறை, கண்சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவாகத்தான் அடிக்கிறது; யானை பயந்து திரும்பும், சாகாது. 230 வோல்ட் விடாமல் ஓடும். தொட்டது யானையானாலும் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்ட வந்தவரானாலும் விடாது. அது சட்டப்படி குற்றமும்கூட.

மாரி வெள்ளாமை குடலைப் பருவத்துக்கு வருமுன் இதைச் செய்து முடியுங்கள். மழை மூடிய நாட்களில் வெயில் பாதிக்கும் கீழே, அப்போது ஒவ்வொரு அம்பியரும் தேவை. மாற்றிய அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிபோல் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள்: பெனலின் முனையில், கொன்ட்ரோலரின் பற்றரி முனையில், பற்றரியின் ஈயக் கொம்பில். பின் இரண்டுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், எந்த மூட்டு சூடாக இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் பிழை இருக்கும்.